பழி தீர்தல்: வழக்குரை காதையும் விடுதலை என்னும் சொல்லும்

தமிழில் அளவுக்கு மிஞ்சிய சுமையைத் தாங்கும் சொற்களுள் விடுதலை என்பதும் ஒன்றாகும். பிணையிற் செல்பவர் விடுதலையாகின்றார்; தண்டனைக்காலம் முடிந்து சிறைவாயிலைக் கடப்பவரும் விடுதலையாகின்றார்; அரசுத்தலைவரின் மன்னிப்பைப் பெற்றவரும் விடுதலையாகின்றார்; குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றவரும் விடுதலையாகின்றார். நாடும் இனமும் பெண்குலமும் அடையவேண்டுவதாக மேடைகளில் முழங்கப்படுவதும் இச்சொல்லே. ஆன்மா மலங்களினின்று நீங்கிப் பெறும் வீட்டுக்கும் 'விடு' என்னும் வினையே அடியாகும்.

வழக்குமன்றத்துக்கு வெளியே இதனை மொழியின் வளம் எனலாம். உள்ளே அது ஒரு குறைபாடாகவே அமைகின்றது. ஏனெனில், சட்டம் இவற்றை வெவ்வேறு செயல்களாகக் கருதுகின்றது. பிணை என்பது வழக்கு முடியும்வரை ஒருவருடைய உடலை வெளியே இருக்கவிடுவது மாத்திரமே. விசாரணை நிறைவுறுமுன் நீதவான் ஒருவரை வழக்கினின்றும் அனுப்பிவிடும்போது சாட்டப்பட்ட குற்றத்துக்கு விடை கூறப்படுவதில்லை. பொதுவாக அதே குற்றச்சாட்டு மீண்டும் எழ இடமுண்டு. மன்னிப்போ குற்றம் நிகழவில்லை என்று கூறுவதில்லை. தண்டனையை நீக்குகின்றது, அவ்வளவே. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை ஜனாதிபதிக்கு அளித்த அதிகாரம் இவ்வகையினது. குற்றமற்றவர் என்னும் தீர்ப்பு இவை யாவற்றினின்றும் வேறானது. விசாரணையின் முடிவில், சாட்டப்பட்ட குற்றம் இவர் தலையில் இல்லை என நீதிமன்றம் வாய்விட்டுக் கூறுவது அது. அத்தீர்ப்பு நிலைத்திருக்கும்வரை அதே குற்றத்துக்காக அவரை மீண்டும் கூண்டில் ஏற்ற முடியாது என்பதை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையும் ஏற்றுக்கொள்கின்றது.

இலங்கைப் பத்திரிகைகளின் நீதிமன்றச் செய்திகளில் ஒரு தொடர் அடிக்கடி காணப்படும். நீதிபதி எதிரியை 'விடுவித்து விடுதலை செய்தார்' என்பதே அத்தொடர். மேலோட்டமாக நோக்குவோர் இதனைக் கூறியது கூறல் என்னும் குற்றத்தில் அடக்கிவிடுவர். ஆயினும் அறிந்தோ அறியாமலோ அத்தொடர் ஓர் உண்மையைப் பேணி நிற்கின்றது. அங்கே நிகழ்பவை இரண்டு செயல்கள். ஒன்று பெயரின்மேல் நிகழ்வது. மற்றையது உடலின்மேல் நிகழ்வது. குற்றத்தினின்று பெயர் விடுவிக்கப்படுகின்றது. கூண்டினின்று உடல் விடுதலை பெறுகின்றது. தமிழிலக்கியம் இவ்விரண்டனுள் எதனைப் பெரிதாக மதித்தது என்னும் வினாவை எழுப்பி நோக்கின், சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை இதுவரை பெரிதும் பேசப்படாத ஒரு கோணத்திற் காட்சியளிக்கும்.

அதற்குமுன் பிறமொழியாளர் இக்கருத்தை எவ்வாறு சொல்லாக்கினர் என்பதைச் சிறிது நோக்குதல் தகும். ஆங்கிலத்தின் 'அக்குவிற்றல்' என்னும் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் ஆதியில் நிற்கும் இலத்தீன் சொல்லுக்கு அமைதியுற்றது, தொல்லையற்றது என்று பொருள். கடனை அடைத்து, கேட்க எவருமில்லாத நிலையை எய்துதலே அச்சொல்லின் பழம்பொருள். எனவே ஆங்கிலேயன் குற்றச்சாட்டை ஒரு கடனாகக் கண்டான் எனலாம். ஜேர்மானியனோ அதே தீர்ப்பைச் 'சொல்லால் விடுவித்தல்' என்று பொருள்படும் கூட்டுச்சொல்லாற் குறித்தான். கதவு திறப்பதன்று, சொல் பிறப்பதே அங்கு முதன்மை பெறுகின்றது. தமிழில் இவ்விரண்டுக்கும் ஈடாக நிற்கக்கூடிய வினை 'தீர்' என்பதாகும். கடன் தீரும், நோய் தீரும், பழி தீரும், வழக்கும் தீரும். தீர்ப்பு என்னும் சொல்லே அதனடியாகப் பிறந்ததுதான். ஆனால் 'பழி தீர்த்தல்' என்னும் தொடருக்கு இன்றைய வழக்கில் என்ன பொருள் என்று எவரையேனும் வினவினால், வஞ்சம் முடித்தல் என்றே விடை வரும். சுமத்தப்பட்ட பழியை இல்லாதாக்குதல் என்னும் நேர்பொருள் பின்தள்ளப்பட்டுவிட்டது. இவ்விரு பொருளும் ஒரு தொடருக்குள் மோதிக்கொண்டிருப்பது தற்செயலன்று. மதுரையில் ஒரே நாளில், ஒரே பெண்ணின் கையால், இரண்டும் நிகழ்ந்தன.

ஈழத்து நீதிமன்றத் தமிழில் இன்னுமொரு சொல்லும் கவனத்துக்குரியது. குற்றஞ்சாட்டப்பட்டவர் இங்கு 'எதிரி' எனப்படுவார். முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி என எண்ணிடுவதும் வழக்கம். எதிரே நிற்பவர் என்பதே சொல்லின் கருத்து. அதிற் பகைமை ஏதும் இல்லை என்று வாதிடலாம். எனினும் ஊரவர் காதில் அச்சொல் அவ்வாறு விழுவதில்லை. குற்றவாளியென நிறுவப்படும்வரை ஒவ்வொருவரும் நிரபராதியென ஊகிக்கப்படல் வேண்டும் என்று அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை உறுதி கூறிக்கொண்டிருக்க, அவரைக் கூப்பிடும் சொல் வேறொன்றை ஊகித்துக்கொண்டிருக்கின்றது.

தீர்ப்பு ஒன்று எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறாது விடுகின்றது என்பதற்கு இந்நாட்டு வரலாற்றிலிருந்தே இரண்டு வழக்குகளைக் காட்டலாம். 1962ஆம் ஆண்டு ஜனவரியில் நிகழ்ந்த அரசுக்கெதிரான சதிமுயற்சி தொடர்பாக 24 பேர்மீது வழக்குத் தொடரப்பட்டு, 1965இல் அவர்களுள் 11 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் இலண்டன் கோமறைக்கழகம் அத்தீர்ப்பை நீக்கியது. அவர்கள் சதி செய்யவில்லை என்று கோமறைக்கழகம் கூறவில்லை. குறிப்பிட்ட சிலரைத் தண்டிக்கும் நோக்குடன் இயற்றப்பட்ட விசேட சட்டங்கள் நீதித்துறையின் அதிகாரத்தைப் பறித்தமையால் அவை செல்லா என்றே கூறிற்று. இங்கு குற்றமுள்ளதாகக் காணப்பட்டது சட்டமே. மற்றையது துடுப்பாட்ட வீரர் மகாதேவன் சதாசிவத்தின் வழக்கு. 1951இல் அவருடைய மனைவி கொலையுண்டார். அக்கொலை சாட்டப்பட்ட சதாசிவத்துக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். 1953இல் யூரிமார் அவரைக் குற்றவாளியல்லர் எனக் கண்டனர். சட்டத்தின் கண்ணில் அன்றோடு யாவும் முடிந்தன. ஆனால் அவ்வழக்கு இன்றும் 'சதாசிவம் கொலை வழக்கு' என்றே வழங்குகின்றது. யூரிமார் எந்தப் பெயரை அக்கொலையினின்று பிரித்தனரோ, அதே பெயரையே ஊர் அதனோடு சேர்த்துத் தைத்து வைத்திருக்கின்றது. ஸ்கொத்லாந்தில் இந்த அரைகுறை நிலைக்குச் சட்டமே நெடுங்காலம் இடமளித்திருந்தது. குற்றவாளி, குற்றவாளியல்லர் என்பவற்றோடு 'நிறுவப்படவில்லை' என மூன்றாவது தீர்ப்பும் அங்கு இருந்தது. 1857இல் மடலீன் சிமித் என்னும் இளம்பெண் காதலனுக்கு நஞ்சிட்டாள் என்னும் வழக்கில் இத்தீர்ப்பையே பெற்றாள். சிறையினின்று போகலாம், சந்தேகத்தினின்று போகமுடியாது என்பதே அதன் உட்கருத்து. 2025ஆம் ஆண்டிலேதான் ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம் அதனை ஒழிப்பதற்கான சட்டத்தை நிறைவேற்றியது.

இனி வழக்குரை காதைக்கு வரலாம்.

சிலப்பதிகாரத்தை ஆராய்ந்தோர் பலரும் இக்காதையை அரசநீதியின் நோக்கிலேயே விளக்கினர். அரசியலிற் பிழை செய்தவனுக்கு அறமே கூற்றுவனாகும் எனப் பதிகம் முன்வைக்கும் கருத்துக்கு இது எடுத்துக்காட்டு என்பது அவர்கள் கொள்கை. அது தவறன்று. ஆனால் அவ்வாறு நோக்கும்போது காதையின் நாயகன் பாண்டியனாகிவிடுகின்றான். அவன் பிழைத்தான், உணர்ந்தான், உயிர்விட்டான் என்பதோடு கதை நிறைவுபெற்றுவிடுகின்றது. கண்ணகி எதைக் கேட்டு அரண்மனை வாயிலில் நின்றாள் என்னும் வினா எழுவதில்லை.

கோவலன் கொலையுண்ட முறையை முதலில் நினைவுகூர்தல் வேண்டும். பொற்கொல்லன் கூறிய ஒரு சொல்லன்றி அவனுக்கெதிராக எவ்விதச் சான்றும் இல்லை. தேவியின் ஊடலைத் தீர்க்க விரைந்துகொண்டிருந்த அரசன், நின்று விசாரிக்கவில்லை. அவன் கையிற் சிலம்பு இருப்பின் கொன்று அதனைக் கொண்டுவருமாறு காவலர்க்கு ஆணையிட்டான். இங்கே இளங்கோ மிக நுட்பமான ஒன்றைச் செய்கின்றார். ஆணை பெற்ற காவலர் தயங்குகின்றனர். இவனைப் பார்த்தாற் கள்வனாகத் தோன்றவில்லை என அவர்கள் கூறுகின்றனர். உடனே பொற்கொல்லன் கள்வர் கைக்கொள்ளும் எண்வகைத் துணைகளைப் பற்றி ஒரு விரிவுரையே நிகழ்த்துகின்றான். கோவலன் செய்ததாக அவன் எதையும் நிறுவவில்லை. கள்வர் எத்தகையோர் என்பதையே விளக்குகின்றான். ஒருவன் குற்றத்தை நிறுவவியலாதபோது அவன் சேர்ந்ததாகக் கருதப்படும் வகையினரின் இயல்பைப் பேசி அதனை நிறுவியதாகக் காட்டும் இந்த உத்தி, பிற்காலங்களிலும் பல நாடுகளிலும் நன்கு பயன்பட்டுள்ளது. இறுதியில் கல்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகின்றான். தீர்ப்பு என்று சொல்லத்தக்க எதுவும் நிகழாமலே தண்டனை நிறைவேறிவிடுகின்றது.

எனவே கண்ணகி வழக்குரைக்கச் செல்லும்போது விடுவிப்பதற்கு உடல் இல்லை. சாதாரணப் பொருளில் விடுதலை என்பதற்கு அங்கு இடமே இல்லை. மீட்கப்படக்கூடியது ஒன்றுண்டெனில் அது கோவலன் பெயர் மாத்திரமே.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. அவள் அரசவைக்குச் செல்வதற்கு முன்னரே உண்மையை அறிந்துவிட்டாள். துன்பமாலையில் அவள் கதிரவனை நோக்கித் தன் கணவன் கள்வனா என்று கேட்கின்றாள். அவன் கள்வனல்லன் என்றும், இவ்வூரைத் தீ உண்ணும் என்றும் குரல் எழுகின்றது. அதனினும் உயர்ந்த சாட்சி எங்குண்டு? உண்மையை அறிதல் மாத்திரமே அவள் வேண்டியதாயின் கதை அங்கேயே முடிந்திருக்கலாம். மதுரை எரிவதுதான் வேண்டியதாயின், அதற்கும் கதிரவன் வாக்கே போதுமானதாக இருந்தது. ஆயினும் அவள் வாயிலோனை அழைத்து, அரசனைக் கண்டு, வழக்குரைக்கின்றாள். காரணம் தெளிவானது. ஞாயிறு கூறியது உண்மை. ஆனால் அது தீர்ப்பாகாது. கள்வன் என்ற சொல்லை எந்த இடம் கோவலன்மீது சுமத்தியதோ, அந்த இடமே அதனை எடுத்தாக வேண்டும். பழியைச் சுமத்தும் அதிகாரமுள்ள வாய்க்கே அதனைத் தீர்க்கும் அதிகாரமும் உண்டு என்பதை, சட்டம் படியாத வணிகர் குலப்பெண் ஒருத்தி இங்கே எவரிலும் தெளிவாக அறிந்திருக்கின்றாள்.

வழக்கு நடைபெறும் முறையும் கவனித்தற்குரியது. கோவலன் நல்லவன் என்று அவள் வாதிடவில்லை. மாதவியோடு வாழ்ந்து செல்வத்தைத் தொலைத்தவன் என்பது காவியத்தைக் கற்போர் யாவரும் அறிந்தது. அதனை மறைக்கவோ மன்னிக்கவோ அவள் அங்கு முற்படவில்லை. சாட்டப்பட்டது களவு, மறுக்கப்படுவதும் களவு மாத்திரமே. குற்றமற்றவர் என்னும் தீர்ப்பு நற்சான்றிதழ் அன்று என்பதனைச் சட்டநூலோர் எத்தனையோ பக்கங்களில் விளக்குவர். கண்ணகி ஒரு வாக்கியமும் செலவழிக்காமல் அதனைக் கடைப்பிடிக்கின்றாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கின்றாள். பாண்டியனும் அவ்விடத்தில் நல்ல நீதிபதியாகவே நடந்துகொள்கின்றான் என்பதைச் சொல்லியாக வேண்டும். அவன் அவளை அச்சுறுத்தவில்லை, வாயடைக்கவில்லை. சோதனைக்கு முன்னரே தேவியின் சிலம்பிலுள்ள பரல் முத்து எனத் தன் வாயாற் கூறி, தனக்கே பின்வாங்கும் வழியை அடைத்துக்கொள்கின்றான். கொலைக்களத்தில் இல்லாதிருந்த விசாரணை, கொலைக்குப் பிறகு, அதே அரசனால் நேர்மையாக நடத்தப்படுகின்றது. சிலம்பு உடைகின்றது; மாணிக்கம் தெறிக்கின்றது.

அதன்பின் பாண்டியன் கூறும் சொற்களே தீர்ப்பு. அவன் கோவலனைப் பற்றி நேராக எதுவும் கூறவில்லை. கள்வன் என்னும் பெயரைத் தன்மேல் ஏற்றிக்கொள்கின்றான். உரையாசிரியர்களும் பின்வந்த திறனாய்வாளர்களும் இதனை மானவுணர்வின் உச்சமாகப் போற்றினர். சொல்லின் இயக்கத்தை நோக்கினால், கோவலன்மேலிருந்த சொல் ஒழிந்துபோகவில்லை; இடம்மாறியிருக்கின்றது. பழிக்கு ஒரு தலை வேண்டும் என்னும் பழைய எண்ணம் அங்கே உயிரோடிருக்கின்றது. அரசன் தன் தலையைக் கொடுத்தமையால் கோவலன் தலை விடுபட்டது. ஆனால் இந்த மேன்மையான செயலால் ஒரு வினா கேட்கப்படாமலே போய்விடுகின்றது. கோவலன் கள்வனல்லன் எனில், தேவியின் முத்துச்சிலம்பு எங்கே? உண்மைக் கள்வன் யார்? பொற்கொல்லன் அவைக்கு அழைக்கப்படவில்லை. வழக்கின் மெய்யான எதிரி ஒருபோதும் கூண்டில் ஏறவில்லை.

இக்காதையின்மேல் ஈழத்தவர் கொண்ட ஈடுபாட்டையும் இவ்விடத்திற் குறிப்பிடுதல் பொருந்தும். கிழக்கிலங்கைக் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்குக் காலத்தில் படிக்கப்படும் நெடும்பாடல் 'கண்ணகி வழக்குரை' என்றே பெயர்பெற்றுள்ளது, வித்துவான் வி. சீ. கந்தையா அதனைப் பதிப்பித்தார். அவளது பிறப்பு, மணம், பிரிவு என்பன யாவும் அதிலே உண்டு. இருந்தும் முழுக்கதைக்கும் வழக்குரைத்தலின் பெயரையே மக்கள் சூட்டினர். எரித்தவளை அவர்கள் அஞ்சியிருக்கலாம். ஆனால் வாதாடியவள் பெயராலேயே அவளைப் பாடினர்.

கண்ணகி வேண்டியது தீர்ப்பு. தீர்ப்பின்றி விடுதலை மாத்திரம் பெற்றவர் நிலை யாது? இதற்கு நவீன தமிழிலக்கியத்திற் சிறந்த விடை புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' என்னும் கதையாகும். 1943இல் வெளிவந்த இக்கதையின் தலைப்பிலேயே சட்டநுட்பம் ஒன்று அடங்கியுள்ளது. விமோசனம் என்பது விடுதலை. கல்லாயிருந்த அகலிகையின் தண்டனை இராமனின் காற்றூளி பட்டு முடிவுற்றது. கோதமனும் அவளை ஏற்றுக்கொண்டான். வெளித்தோற்றத்தில் யாவும் பழையபடியாயின. ஆனால் முனிவரின் மனைவியர் அவளைக் கண்டதும் விலகிப்போகின்றனர். பேசும் ஒவ்வொரு சொல்லிலும் வேறொரு பொருள் ஒளிந்திருக்குமோ என்று அவள் நடுங்குகின்றாள். சாபம் நீங்கினும் பாவம் நின்றுவிட்டதோ என மறுகுகின்றாள். தண்டனையே ஒழிந்தது, குற்றத்தீர்ப்பு அப்படியே இருக்கின்றது. மன்னிப்பின் இயல்பு இதுவே. மன்னிப்பதற்கு முதலிற் குற்றம் இருந்தாக வேண்டும். இந்திரன் செய்த வஞ்சகத்துக்கு அவள் பொறுப்பாளியா என்பதை ஒருவரும் விசாரிக்கவில்லை, இரங்கினர், அவ்வளவே.

பிரான்சிய இராணுவ அதிகாரி ட்ரைபஸ் இவ்வேறுபாட்டைத் தம் வாழ்க்கையில் உணர்ந்தவர். 1894இல் தேசத்துரோகக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டுத் தீவொன்றிற் சிறையிருந்த அவரை, 1899ஆம் ஆண்டு மறுவிசாரணையிலும் இராணுவ மன்று குற்றவாளியென்றே கண்டது. சில நாட்களுள் அரசுத்தலைவர் மன்னிப்பளித்தார். ட்ரைபஸ் அதனை ஏற்று வீடு திரும்பினார். ஆயினும் தம் பெயர் மீளும்வரை ஓயப்போவதில்லை என்றும் அறிவித்தார். 1906இலேதான் பிரான்சின் உயர்நீதிமன்று அத்தீர்ப்பை நீக்கியது. உடல் வீடு வந்து ஏழாண்டுகளுக்குப் பின்பே பெயர் வந்து சேர்ந்தது.

அகலிகைக்கு அத்தகைய மன்று இல்லை. கதையின் பிற்பகுதியிற் சீதை வந்து, இராவணனிடமிருந்து மீண்டபின் தான் தீக்குளித்த செய்தியைக் கூறுகின்றாள். இராமனா அதைக் கேட்டான் என அகலிகை துடிக்கின்றாள். உலகுக்கு நிறுவிக்காட்ட வேண்டாமா என்னும் கருத்துப்படச் சீதை விடையிறுக்க, உள்ளத்துக்குத் தெரிந்தது போதாதா, உலகுக்கு எதனை நிறுவ முடியும் என்னும் கருத்துப்பட அகலிகை மறுக்கின்றாள். தன்னை விடுவித்தவனே மற்றொருத்தியை இவ்வாறு விசாரித்தான் என்பதை அவளாற் பொறுக்க முடியவில்லை. அவள் மீண்டும் கல்லாகின்றாள்.

இங்கே கண்ணகியும் அகலிகையும் நேரெதிர் முனைகளில் நிற்பதைக் காணலாம். கதிரவன் வாக்கும் போதாது, அவை கூறவேண்டும் என்றவள் ஒருத்தி. அவையாற் பயனில்லை, அகம் அறிந்தது போதும் என்றவள் மற்றவள். இவர்களுள் எவர் பக்கம் நியாயம் என்று வினவின், அகலிகை கூற்றின் கசப்பு உண்மையானது எனினும், கண்ணகி வழியே வலியது என்றே கூறவேண்டும். அகம் அறிந்தது போதும் என்பவள் ஈற்றிற் கல்லாவதையன்றி வேறு வழி காணவில்லை. புதுமைப்பித்தனும் அவளுக்கு வேறு வழி வைத்திருக்கவில்லை. ஆனால் புதுமைப்பித்தன் எழுப்பும் ஐயம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஏனெனில் சீதை உண்மையில் அவை கூடிய இடத்திலேயே தன்னை நிறுவினாள். அக்கினியே சாட்சி கூறினான். கம்பன் காட்டும் இராமன் அதனை ஏற்றுக்கொள்கின்றான். அப்படியிருந்தும், கம்பன் பாடாது விட்டதும் ஒட்டக்கூத்தர் பாடியதாகக் கூறப்படுவதுமான உத்தரகாண்டக் கதையில், ஊர்வாயிற் பிறந்த அலருக்காக அதே குற்றச்சாட்டின்மேல் அவள் மீண்டும் தண்டிக்கப்படுகின்றாள். ஒருமுறை தீர்ந்த வழக்கில் ஒருவரை மறுமுறை வருத்தலாகாது என்னும் சட்டவிதி ஏன் வேண்டப்பட்டது என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் கிடைப்பது அரிது.

சீதை பெற்ற இத்தகைய தீர்ப்புக்குக் காஃப்கா ஒரு பெயர் கொடுத்தார். சட்டம் பயின்று 1906இற் கலாநிதிப் பட்டம் பெற்ற அவ்வெழுத்தாளரின் 'விசாரணை' என்னும் நாவல் அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1925இல் வெளிவந்தது. இன்னதென்று அறியாத குற்றத்துக்காகக் கைதாகும் யோசப் கே. என்பவனுக்கு, நீதிபதிகளின் உருவங்களை வரையும் ஓவியன் ஒருவன் மூவகை முடிவுகளை விளக்குகின்றான். முதலாவது உண்மையான விடுவிப்பு. அதிலே ஆவணங்கள் யாவும் அழிந்துவிடும். ஆனால் அத்தகைய ஒன்று நிகழ்ந்ததைத் தான் கண்டதில்லை, பழங்கதைகளிற் கேட்டதே உண்டு என்கின்றான். இரண்டாவது தோற்றத்தளவிலான விடுவிப்பு. அதைப் பெற்றவன் வீட்டுக்குப் போகலாம். கோவை மாத்திரம் அலுவலகங்களுக்கிடையே சென்றுகொண்டேயிருக்கும், என்றோ ஒருநாள் ஒரு நீதிபதி அதனை எடுத்துப் புரட்டுவார், மீண்டும் கைது நிகழும். மூன்றாவது, முடிவே வராமல் வழக்கை இழுத்துச் செல்வது. இதனை அச்சமூட்டும் கற்பனை என மேனாட்டு விமர்சகர் பலர் எழுதினர். இந்நாட்டு வாசகன் ஒருவன் அதனைச் செய்தியறிக்கையாகவும் வாசித்துவிடக்கூடும்.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், விசாரணை தொடங்காமலே ஆண்டுக்கணக்கில் விளக்கமறியலிலும் தடுப்புக்காவலிலும் இருந்த தமிழ் இளைஞர் பலர். அவர்களுட் சிலர்மேல் வழக்கே தொடரப்படாமல் ஒருநாள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். 2009ஆம் ஆண்டு போர் முடிந்தபின் 12,000 அளவினர் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டு, பின்னர் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டனர். இவர்கள் யாவரையும் பற்றிய செய்திகளில் இடம்பெற்ற சொல் விடுதலை என்பதே. அச்சொல் பொய்யன்று; வாயில் திறந்தது, தாய்மார் வந்து அழைத்துச் சென்றனர். ஆனால் இவர்கள் குற்றவாளிகள் என்று எந்த நீதிமன்றம் கூறிற்று? அல்லர் என்று எது கூறிற்று? இரண்டுமே கூறப்படாத நிலையில், ஊருக்குத் திரும்பிய ஒருவர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் பெண் கேட்டுச் செல்லும்போதும் 'உள்ளே இருந்தவர்' என்றே அறியப்படுகின்றார். அகலிகையைக் கண்டு விலகியவர்கள் முனிவரின் மனைவியர் மாத்திரமல்லர். விடுதலை, விடுவிப்பு, குற்றமின்மைத் தீர்ப்பு, மன்னிப்பு என்பவற்றுக்கிடையே கோடு கீறும் வேலையைச் சட்டத்துறையினரின் சொற்கோவைக்கு விட்டுவிடத் தமிழ்த்துறையினர் பழகிவிட்டனர். பத்திரிகையில் தவறாக விழும் ஒரு சொல் இவர்களுடைய வாழ்நாளின் மேலேயே விழுகின்றது என்பதை எண்ணின், அது அகராதிக்காரரின் வேலை மாத்திரமாகத் தோன்றாது.

மீண்டும் மதுரைக்குச் செல்லின், கேட்கப்படாமற் போன வினா அங்கே காத்திருக்கின்றது. கண்ணகி ஒரு தீர்ப்பைப் பெற்றாள். அதன்மேலும் அவள் ஊரை எரித்தாள். பழி தீர்த்தலின் இரண்டாவது பொருள் அவ்வாறு நிறைவேறிற்று. அதனோடு நிற்கவில்லை. காவியத்தின் முகப்பில் வரும் உரைபெறு கட்டுரை, பாண்டிநாடு மழையற்று வருந்தியபோது கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகியின் சினந்தணிய ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டு விழாவெடுத்தான் எனக் கூறுகின்றது. பின்னர் மழை பெய்ததாம். பொற்கொல்லன் ஒருவன் செய்த பொய்க்கு ஆயிரவர் மடிந்தனர். கள்வர் எத்தகையோர் என்று விளக்கிக் கோவலனைக் கொல்வித்த அதே வாதம், பொற்கொல்லர் எத்தகையோர் என்ற வடிவில் அவர்கள் குலத்தின்மேலேயே திரும்பிற்று. அந்த ஆயிரவருக்கும் மனைவியர் இருந்திருப்பர். அவர்களுள் எவரேனும் உடைந்த நகையொன்றைக் கையிலேந்திக் கொற்கை அரண்மனை வாயிலுக்குச் சென்றதாக இளங்கோ கூறவில்லை.